அனைத்துப் பருவ டயர்களின் பனிக்காலத் திறன்

அனைத்துப் பருவ டயர் அல்லது ஆல் சீசன் டயர் என்பது, கோடை வெயிலிலும் மழையிலும் மிதமான குளிரிலும் டயரை மாற்றாமல் ஆண்டு முழுவதும் வாகனம் ஓட்டுவதற்காக வடிவமைக்கப்பட்ட டயர் வகையாகும். அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்கப்படும் புதிய கார்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்தே இவ்வகை டயர்கள் பூட்டப்பட்டு வெளிவருகின்றன. அவற்றின் பெயரைப் பார்த்து, பனி கொட்டும் மாதங்களுக்கும் அவையே போதும் என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அனைத்துப் பருவ டயர் ஒரு சமரசப் பொருள். எந்தப் பருவத்திலும் முற்றிலும் கைவிடாத அளவுக்கு அது உருவாக்கப்பட்டுள்ளது. எந்த ஒரு பருவத்துக்கும் அது தலைசிறந்தது அன்று. அந்தச் சமரசத்தின் குறை மிகத் தெளிவாக வெளிப்படும் காலம் பனிக்காலம்.

தோற்றம்

பனிக்கெனத் தனி டயர் செய்யும் வழக்கம் பின்லாந்தில் 1930களில் தொடங்கியது. இன்று நோக்கியன் டயர்ஸ் என அறியப்படும் நிறுவனத்தின் முன்னோடி 1934இல் லாரிகளுக்கும், 1936இல் ஹக்கபெலிட்டா என்ற பெயரில் கார்களுக்கும் பனிக்கால டயர்களை வெளியிட்டது. வட அமெரிக்காவில் நெடுங்காலம் ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றும் வழக்கம் இருந்தது. பனி தொடங்கும்போது ஓட்டுநர்கள் ஆழமான பள்ளங்கள் கொண்ட பனி டயர்களைப் பின் சக்கரங்களில் பூட்டுவர். வசந்தத்தில் கழற்றி வைப்பர்.

1977இல் குட்இயர் நிறுவனம் டியெம்போ என்ற டயரை அறிமுகப்படுத்தியது. ஆண்டு முழுவதும் ஒரே டயர் என்ற எண்ணத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது இதுவே. மாற்றும் வேலையும் செலவும் மிச்சமாயின. கார் நிறுவனங்களுக்கும் இது வசதியாக இருந்தது. புளோரிடாவில் விற்கும் காருக்கும் மினசோட்டாவில் விற்கும் காருக்கும் ஒரே டயரைப் பூட்டி அனுப்ப முடிந்தது. காலப்போக்கில் அனைத்துப் பருவ டயரே வட அமெரிக்காவின் வழக்கமான டயராகிவிட்டது.

குளிரில் ரப்பர்

டயர் சாலையைப் பற்றிக்கொள்வதற்கு அதன் ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும். சாலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் நிறைந்துள்ளன. மென்மையான ரப்பர் அவற்றுக்குள் அழுந்திப் படிகிறது. அந்தப் படிவே பிடிமானம். வெப்பநிலை குறையக் குறைய ரப்பர் விறைக்கிறது. ஒவ்வொரு ரப்பர் கலவையும் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே கண்ணாடி போல இறுகிவிடும் தன்மை கொண்டது. அந்த எல்லையை நெருங்கும்போதே அதன் பிடிமானம் சரியத் தொடங்கும்.

கோடை டயரின் கலவை சூடான சாலையில் விரைவில் தேயாமல் உறுதியாக இருக்கும்படி செய்யப்படுகிறது. பனிக்கால டயரின் கலவை கடுங்குளிரிலும் நெகிழ்வு மாறாதபடி செய்யப்படுகிறது. அதற்காக அதில் சிலிக்காவும் குளிரில் இறுகாத ரப்பர் வகைகளும் சேர்க்கப்படுகின்றன. அனைத்துப் பருவ டயரின் கலவை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஜூலை வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடியும் தேயக்கூடாது என்பதால், ஜனவரிக் குளிருக்குத் தேவையான அளவு அதை மென்மையாக்க முடிவதில்லை.

டயர்த் துறையில் 7° செல்சியஸ் என்ற அளவு அடிக்கடி சொல்லப்படுகிறது. அன்றாட வெப்பநிலை இதற்குக் கீழே போகும்போது பனிக்கால டயருக்கு மாறுவது நல்லது என்பது அதன் பொருள். 8 பாகையில் பாதுகாப்பு, 6 பாகையில் ஆபத்து என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஒரு நடைமுறை வழிகாட்டி மட்டுமே. ரப்பர் படிப்படியாகவே விறைக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, சாலையில் ஒரு துளி பனிகூட இல்லாத குளிர்ந்த காலையிலும் டயரின் இயல்பு மாறியிருக்கும் என்பதே.

பட்டன்களும் கீறல்களும்

டயரின் மேற்பரப்பில் புடைத்து நிற்கும் ரப்பர்க் கட்டிகளைத் தமிழ்நாட்டில் பட்டன் என்பர். அவை தேய்ந்த டயரை மொட்டை டயர் என்பர். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் மழையில் நீரை வெளியேற்ற உதவுகின்றன. பனியில் அவற்றின் வேலை வேறு. சக்கரம் உருளும்போது பள்ளங்களுக்குள் வெண்பனி அடைந்து இறுகுகிறது. பனி பனியோடு நன்றாக ஒட்டும். குழந்தைகள் பனியைக் கையால் அழுத்தி உருண்டை பிடிக்க முடிவது இதனால்தான். பள்ளத்தில் இறுகிய பனி சாலையில் கிடக்கும் பனியைப் பற்றிக்கொள்வதால் வாகனத்துக்கு இழுவிசை கிடைக்கிறது. எனவே பனிக்கால டயரின் பள்ளங்கள் ஆழமாகவும் அகலமாகவும் அமைக்கப்படுகின்றன.

ஒவ்வொரு பட்டனிலும் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் இருக்கும். பனிக்கால டயரில் இவை மிக நெருக்கமாக அமைந்திருக்கும். பட்டன் வளையும்போது இவை விரிந்து நூற்றுக்கணக்கான சிறு விளிம்புகளாகப் பனியைக் கவ்வுகின்றன. அனைத்துப் பருவ டயரிலும் கீறல்கள் உண்டு. ஆனால் அவற்றை அதிகப்படுத்தினால் பட்டன்கள் தளர்ந்து, கோடையில் வண்டியின் திருப்பத் துல்லியம் குறையும், தேய்மானமும் கூடும். ஆகவே அளவோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

பனிக்கட்டி வெண்பனியைவிடக் கடினமான சோதனை. உறைநிலைக்கு மிக அருகில், அதாவது 0° செல்சியஸை ஒட்டிய வெப்பநிலையில், பனிக்கட்டியின் மீது மெல்லிய நீர்ப்படலம் இருக்கும். அந்தப் படலம்தான் வழுக்கலுக்குக் காரணம். இதனால் கடுங்குளிர் நாளைவிட உருகியும் உறைந்தும் கிடக்கும் நாளில் பனிக்கட்டி அதிகம் வழுக்குகிறது. ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் நிறுவனம் 1988இல் வெளியிட்ட பிலிசாக் டயர்களின் ரப்பரில் நுண்துளைகள் உள்ளன. அவை இந்த நீர்ப்படலத்தை உறிஞ்சி விலக்குகின்றன. தொழிற்சாலையில் பூட்டப்படும் அனைத்துப் பருவ டயர்களில் பொதுவாக இத்தகைய ஏற்பாடு எதுவும் இருப்பதில்லை.

தொழிற்சாலை டயரின் முன்னுரிமைகள்

கடையில் வாங்கும் அனைத்துப் பருவ டயரும், அதே நிறுவனம் அதே பெயரில் கார் தொழிற்சாலைக்கு அளிக்கும் டயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. கார் நிறுவனங்கள் தங்கள் மாதிரிக்கு ஏற்ற அளவுகோல்களை டயர் நிறுவனத்திடம் கொடுத்துச் செய்து வாங்குகின்றன. சில டயர்களின் பக்கவாட்டில் அதற்கான தனி அடையாளமும் இருக்கும். பிஎம்டபிள்யூ கார்களுக்கான டயர்களில் நட்சத்திரக் குறியும், மெர்சிடிஸ் கார்களுக்கானவற்றில் எம்ஓ என்ற எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருப்பது இதற்கு எடுத்துக்காட்டு.

அந்த அளவுகோல்களில் எரிபொருள் சிக்கனம் முக்கிய இடம் பெறுகிறது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரி எரிபொருள் சிக்கனத்துக்கு வரையறை வந்தது. சக்கரம் உருளும்போது ரப்பர் வளைந்து நிமிர்வதில் ஆற்றல் வீணாகிறது. இதை உருளல் தடை என்பர். அது குறைந்தால் எரிபொருள் மிச்சமாகும், மின்சாரக் காராக இருந்தால் ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தூரம் கூடும். பட்டனின் உயரத்தைக் குறைப்பது, ரப்பரின் எடையைக் குறைப்பது, கலவையை மாற்றுவது ஆகியவை உருளல் தடையைக் குறைக்கும் வழிகளுள் சில. இவற்றோடு, காட்சியகத்திலிருந்து காரை எடுத்து ஓட்டிப் பார்ப்பவருக்கு இரைச்சல் கேட்கக்கூடாது, பயணம் மென்மையாக இருக்க வேண்டும் என்பவையும் சேர்கின்றன. பனிப் பிடிமானம் இந்தப் பட்டியலில் இல்லாமல் இல்லை. ஆனால் மற்றவற்றோடு போட்டியிட்டே அது இடம் பெற வேண்டியுள்ளது. இதனால்தான் ஒரே விலையுள்ள இரண்டு கார்களின் தொழிற்சாலை டயர்களும் பனியில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. "அனைத்துப் பருவம்" என்ற பெயரை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பக்கவாட்டுக் குறியீடுகள்

டயரின் பக்கவாட்டைப் பார்த்தால் அதன் பனிக்காலத் தகுதியை ஓரளவு அறியலாம். பெரும்பாலான அனைத்துப் பருவ டயர்களில் எம்+எஸ் என்ற குறி இருக்கும். சேறு, பனி என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இந்தக் குறி டயரின் வடிவத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. மேற்பரப்பில் குறைந்தது 25 விழுக்காடு பள்ளமாக இருப்பது போன்ற வடிவ நிபந்தனைகள் நிறைவேறினால் வட அமெரிக்காவில் இக்குறியைப் பொறிக்கலாம். டயரைப் பனியில் ஓட்டிச் சோதித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரையப்பட்ட குறி வேறு வகையானது. 1999இல் அமெரிக்க, கனடிய ரப்பர்த் தொழில் அமைப்புகள் இதை அறிமுகப்படுத்தின. இறுகிய பனியில் நடத்தப்படும் இழுவிசைச் சோதனையில், ஒப்பீட்டுக்கான தர டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதல் திறன் காட்டியவற்றுக்கே இக்குறி அளிக்கப்படுவது அதன் தொடக்ககால விதி. பனிக்கால டயர்களில் இந்தக் குறி இருக்கும். சாதாரணத் தொழிற்சாலை டயர்களில் பெரும்பாலும் இருப்பதில்லை.

மலைக்குறிக்கும் எல்லை உண்டு. வட அமெரிக்கச் சோதனை, பனியில் வாகனத்தை முன்னோக்கி இழுக்கும் திறனை அளக்கிறது. பனிக்கட்டியில் பிரேக் பிடிக்கும் திறனை அது அளப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த டயர்ச் சீட்டில் பனிக்கட்டிப் பிடிமானத்துக்கெனத் தனிக் குறி சேர்க்கப்பட்டது இந்தக் குறையை ஓரளவு போக்குகிறது.

புறப்படுதலும் நிற்றலும்

அனைத்துப் பருவ டயருடன் பனியில் ஓட்டுபவருக்கு நேரும் மிகப் பெரிய ஏமாற்றம், கார் எளிதாகப் புறப்பட்டுவிடுவதே. இன்றைய கார்களில் சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் கருவி உண்டு. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார்களில் புறப்படுதல் இன்னும் எளிது. "நன்றாகத்தானே போகிறது" என்ற நம்பிக்கை ஓட்டுநருக்கு வந்துவிடுகிறது. ஆனால் எந்தக் காருக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் உள்ளது. நான்கு சக்கர இயக்கம் நிற்பதற்கு எந்தக் கூடுதல் உதவியும் செய்வதில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கருவியும், டயரிடம் இருக்கும் பிடிமானத்தைச் சரியாகப் பயன்படுத்துமே தவிர, இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது.

ஒரு எளிய கணக்கு இதை விளக்கும். வாகனம் நிற்க எடுக்கும் தூரம், வேகத்தின் இருமடியைப் பொறுத்துக் கூடுகிறது. டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வுக் கெழுவைப் பொறுத்துக் குறைகிறது. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒன்று உராய்வுக் கெழு 0.8 உள்ள உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த பின் ஏறத்தாழ 12 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் கெழு 0.3 என்று கொண்டால் 33 மீட்டர் தேவை. 0.2 என்று கொண்டால் 49 மீட்டர். வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 என்றால் 98 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து காலை வைப்பதற்குள் கடக்கும் தூரம் இவற்றில் சேரவில்லை.

0.2க்கும் 0.3க்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக 50 கி.மீ. வேகத்தில் சென்று ஒரே நேரத்தில் பிரேக் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். 0.3 கெழு உள்ள கார் 33ஆவது மீட்டரில் நின்றுவிட்ட அதே இடத்தை, 0.2 கெழு உள்ள கார் மணிக்கு 29 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். அங்கே பாதசாரி ஒருவர் சாலையைக் கடந்துகொண்டிருந்தால் முதல் கார் அவருக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது கார் அவர்மீது மோதும்.

வளைவுகளிலும் இதே நிலைதான். திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஒரே பிடிமானத்தையே டயர் பகிர்ந்தளிக்க வேண்டியுள்ளது. வளைவில் பிரேக் பிடிக்கும்போது அந்தக் கையிருப்பு தீர்ந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேரே வழுக்கிச் செல்லும்.

இரண்டாவது பனிக்காலம்

புதிய காரின் முதல் பனிக்காலத்தில் தொழிற்சாலை டயர்கள் ஓரளவு நன்றாகவே செயல்படலாம். புதிய அனைத்துப் பருவ டயரின் பள்ளம் பொதுவாக 8 மி.மீ. அளவில் இருக்கும். ஆண்டு முழுவதும் ஓடுவதால் அது தொடர்ந்து தேய்கிறது. பல இடங்களில் சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச ஆழம் ஏறத்தாழ 1.6 மி.மீ. ஆனால் பனியில் அதற்கு வெகு முன்பே பயன் குறைந்துவிடுகிறது. பள்ளம் ஆழமில்லையெனில் பனி அதற்குள் அடைய இடமில்லை. பல டயர்களில் மெல்லிய கீறல்கள் பள்ளத்தின் அடிவரை செல்வதில்லை. பட்டன் பாதி தேயும்போதே அவற்றில் சில மறைந்துவிடும். ரப்பரும் வயதாகி இறுகுகிறது.

இதனால் முதல் ஆண்டு அனுபவத்தை வைத்து இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளை எடைபோடுவது தவறாகிறது. ஆஸ்திரியாவில் பள்ளம் 4 மி.மீ.க்குக் கீழே போன டயரைப் பனிக்கால டயராகச் சட்டம் ஏற்பதில்லை. மற்ற இடங்களிலும் 4 மி.மீ. என்பதே பனிக்காலத்துக்கான நல்ல எல்லையாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

சட்டங்களின் பார்வை

கனடாவின் மூன்று மாகாணங்கள் ஒரே தொழிற்சாலை டயரை மூன்று விதமாக நடத்துகின்றன. கியூபெக்கில் 2008 முதல் பனிக்கால டயர் கட்டாயம். 2014 டிசம்பர் 15 முதல் எம்+எஸ் குறி மட்டும் உள்ள டயர்கள் அங்கே ஏற்கப்படுவதில்லை. மலைக்குறி இருக்க வேண்டும், அல்லது டயரில் ஆணிகள் பதிக்கப்பட்டிருக்க வேண்டும். 2019 முதல் கட்டாயக் காலம் டிசம்பர் 1இல் தொடங்கி மார்ச் 15 வரை நீடிக்கிறது. மீறுவோருக்கு 200 முதல் 300 டாலர் வரை அபராதம் உண்டு.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் மலைப்பகுதி நெடுஞ்சாலைகள் பலவற்றில் அக்டோபர் 1 முதல் பனிக்கால டயர் தேவை. அங்கே எம்+எஸ் குறியுள்ள டயரும், பள்ளம் 3.5 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால், சட்டப்படி போதுமானது. எனினும் சட்டம் ஏற்பது வேறு, மலைச்சாலையின் இறக்கத்தில் நிற்பது வேறு.

இலங்கைத் தமிழர் பெருமளவில் வாழும் டொராண்டோ நகரம் அமைந்துள்ள ஒன்ராறியோவில் பனிக்கால டயர் கட்டாயமில்லை. பனியே காணாத ஊர்களில் வண்டி ஓட்டிப் பழகி அங்கே குடியேறுவோருக்கு, புதிய காரோடு வந்த டயர் போதுமா என்ற கேள்வி ஒவ்வொரு நவம்பரிலும் எழுகிறது. சட்டம் முடிவை அவர்களிடமே விட்டுவிடுகிறது. ஆயினும் பனிக்கால டயர் பூட்டியவர்களுக்குக் கட்டணச் சலுகை அளிக்க வேண்டும் என்று 2016 ஜனவரி 1 முதல் அங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் பணிக்கப்பட்டுள்ளன.

ஜெர்மனியில் 2010 முதல், நாள்காட்டியைப் பாராமல், சாலையில் பனியோ பனிக்கட்டியோ இருக்கும்போது பனிக்கு ஏற்ற டயர் இருக்க வேண்டும் என்ற விதி உள்ளது. எம்+எஸ் குறி மட்டும் உள்ள டயர்களுக்கு அங்கே அளிக்கப்பட்டிருந்த சலுகை 2024 செப்டம்பர் 30 அன்று முடிவுற்றது.

எங்கே போதும், எங்கே போதாது

தொழிற்சாலையின் அனைத்துப் பருவ டயர் பயனற்றது அன்று. குளிர்காலத்திலும் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்கு மேலேயே இருக்கும் வான்கூவர் போன்ற கடலோர நகரங்களில், பனி பெய்யும் ஒருசில நாள்களில் வண்டியை எடுக்காமல் இருக்க முடிந்தவருக்கு, நல்ல நிலையிலுள்ள டயர் பெரும்பாலும் போதும். வாரக்கணக்கில் உறைநிலைக்குக் கீழே இருக்கும் இடங்களிலும், மலைச்சாலைகளிலும், பனி அகற்றப்படாத கிராமச் சாலைகளிலும் அது போதாது. விடியற்காலைப் பணிமுறைக்குச் செல்வோர், வீட்டிலிருந்தபடி பணிபுரிவோரைவிட அதிகம் எண்ணிப் பார்க்க வேண்டும். சாலையைத் துப்புரவு செய்யும் வண்டிகள் வருவதற்கு முன்பே அவர்கள் புறப்பட்டாக வேண்டும்.

இடைப்பட்ட வழியாக, மலைக்குறி பெற்ற ஆல் வெதர் டயர்கள் உள்ளன. 2015இல் மிச்செலின் அறிமுகப்படுத்திய கிராஸ்கிளைமேட் இவ்வகையில் பெயர்பெற்றது. இவற்றை ஆண்டு முழுவதும் ஓட்டலாம். பனியில் சாதாரண அனைத்துப் பருவ டயரைவிடச் சிறந்தவை. கடும் பனிக்கட்டியில் முழுப் பனிக்கால டயருக்கு இவை பொதுவாக ஈடாவதில்லை. "சீசன்", "வெதர்" என்ற ஒரு சொல் வேறுபாட்டில் வாங்குவோர் குழம்புவதுண்டு. பெயரை விட்டுவிட்டு மலைக்குறியைத் தேடுவதே எளிய வழி.

பனிக்கால டயர் வாங்க முடிவு செய்தவர் நான்கையும் மாற்ற வேண்டும். முன் சக்கரங்களில் மட்டும் மாற்றினால், முன்பக்கம் சாலையைப் பற்றிக்கொள்ள, பின்பக்கம் வளைவில் வழுக்கிச் சுழன்றுவிடும். இரண்டு தொகுதி டயர்களும் ஆண்டில் சில மாதங்களே தேய்வதால், இரண்டும் கூடுதல் ஆண்டுகள் உழைக்கும். எனவே டயருக்கான செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கிறது. தனி ரிம்களில் பூட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி மாட்டும் கூலி குறையும். வசந்தத்தில் பனிக்கால டயரைக் கழற்றிவிட வேண்டும். அதன் மென்மையான ரப்பர் வெயிலில் விரைவாகத் தேயும். சூடான சாலையில் நிற்கும் தூரமும் கூடும்.

மாற்ற வசதியில்லாதவரும் செய்யக்கூடியவை சில உள்ளன. வெப்பநிலை ஏறத்தாழ 5.5 பாகை குறையும்போது டயரின் காற்றழுத்தம் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறைகிறது. இலையுதிர் காலத்தில் சரியாக இருந்த அழுத்தம் ஜனவரியில் போதாமலிருக்கும். ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்ப வேண்டும். பள்ளத்தின் ஆழத்தைப் பனிக்கு முன்பே அளந்து பார்க்க வேண்டும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் நிற்கும் தூரம் நான்கில் ஒரு பங்காகிறது. முன்செல்லும் வாகனத்திலிருந்து வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விட வேண்டும். ஏனெனில் அந்த வாகனத்தில் பனிக்கால டயர் பூட்டப்பட்டிருக்கலாம், அது நிற்கும் தூரத்தில் பின்னால் வரும் கார் நிற்காமல் போகலாம்.